மணிமேகலையின் நால்வகை நயமும் இக்கால மெய்யியலில் ‘ஆள்’ பற்றிய வினாவும்

1. முன்னுரை

பௌத்த மெய்ப்பொருளியலின் நடுவில் ஒரு மறுப்பு நிற்கிறது. உடலிலோ உள்ளத்திலோ அவற்றிற்கு அப்பாலோ மாறாது நிலைத்திருக்கும் ஆன்மா என ஒன்று இல்லை என்பதே அம்மறுப்பு. பாலி நூல்கள் இதனை அனத்தா என்றும் வடமொழி நூல்கள் அநாத்மவாதம் என்றும் குறிக்கின்றன. இக்கொள்கை தோன்றிய காலந்தொட்டே இதனை நோக்கி ஒரு வினா எழுப்பப்பட்டு வந்துள்ளது. நிலையான ஆன்மா இல்லையெனில் நேற்று வினை செய்தவர் யார்? இன்று அதன் பயனை நுகர்பவர் யார்? இருவரும் ஒருவர் அல்லர் எனில், அறம் என்னும் சொல்லுக்கு என்ன பொருள் எஞ்சும்?

இவ்வினா பழமையானது, எனினும் பழமையோடு முடிந்துவிடவில்லை. 20ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஆங்கில மொழிவழி மெய்யியலில் ஆள் என்பது யாது என்னும் ஆய்வு வலுப்பெற்றபோது, ஏறத்தாழ இதே வினா புதிய வடிவில் எழுந்தது. தண்டனை, வாக்குறுதி, முதுமை மறதி நோய் முதலியவற்றைப் பற்றிய இன்றைய விவாதங்கள் பலவும் இவ்வினாவையே சுற்றி நிகழ்கின்றன.

இவ்வினாவிற்குத் தமிழில் ஒரு விடை உண்டு. அது மணிமேகலையின் முப்பதாவது காதையான ‘பவத்திறம் அறுகெனப் பாவை நோற்ற காதை’யில் அறவண அடிகளின் உரையாக அமைந்துள்ளது. 1898ஆம் ஆண்டு உ.வே. சாமிநாதையர் இக்காப்பியத்தைப் பதிப்பித்த நாள்முதல் ஆபுத்திரன், அமுதசுரபி, காயசண்டிகை முதலிய பகுதிகள் பலராலும் போற்றப்பட்டு வந்துள்ளன. இறுதிக் காதைகளோ கதையோட்டத்திற்குத் தொடர்பில்லாத சமயப் பட்டியலாகக் கருதப்பட்டுப் பெரும்பாலும் விரைந்து கடக்கப்படுகின்றன. அக்காதையில் கூறப்படும் நால்வகைச் சொல்வழக்கும் நால்வகை நயமும் ஒருங்கே நோக்கப்பட்டால், ஆன்ம மறுப்பு அறப்பொறுப்பை அழிக்காது என்பதற்கான தெளிவான வாதமாக அவை விளங்குவதை நாம் காணலாம். அவ்வாதத்தை விளக்கி, இக்கால மெய்யியலோடு அது எங்கே இணைகிறது, எங்கே விலகுகிறது எனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. தொகையும் தொடர்ச்சியும்

பாலி மொழியிலுள்ள மிலிந்த பஞ்ஹம், கிரேக்க மரபு மன்னன் மிலிந்தனும் நாகசேனர் என்னும் பிக்குவும் நிகழ்த்திய உரையாடலாக அமைந்த நூல். அதில் இடம்பெறும் தேர் உவமை நன்கு அறியப்பட்டது. அச்சு தேரன்று, உருளை தேரன்று, நுகமும் தேரன்று. இவையனைத்தையும் நீக்கிய பின் தேர் எனத் தனியே ஒன்று எஞ்சுவதுமில்லை. உறுப்புகள் உரிய முறையில் அமைந்தபோது வழங்கப்படும் பெயரே தேர். அவ்வாறே உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, உள்ள அறிவு என்னும் ஐங்கந்தங்களும் கூடி நிகழுமிடத்து வழங்கும் பெயரே ஆள் என்பது நாகசேனரின் விளக்கம்.

மணிமேகலை இக்கருத்தை ஓர் உவமையோடு நிறுத்தாமல் சொல்வழக்கு பற்றிய ஒரு கோட்பாடாகவே வளர்த்தெடுக்கிறது. பொருள்களைப் பற்றி நாம் பேசும் முறை நான்கு என்கிறார் அறவண அடிகள். முதலாவது தொகை. உடம்பு, நீர், நாடு என்னும் பெயர்கள் பலவற்றின் கூட்டத்தை ஒன்றாகச் சுட்டுகின்றன. இரண்டாவது தொடர்ச்சி. வித்து, முளை, தாள் என ஒன்றன்பின் ஒன்றாக நிகழும் நிலைகளை நெல் என்னும் ஒரே பெயரால் நாம் வழங்குகிறோம். மூன்றாவது தன்மை மிகுத்துரை. தோன்றுதல், மூத்தல், இறுதல் ஆகிய மூன்றனுள் ஒன்றை மட்டும் மிகுத்துக் கூறுவது அது. நான்காவது இயைந்துரை. எழுத்துகள் பல கூடியவிடத்துச் சொல் என்றும், நாள்கள் பல கூடியவிடத்துத் திங்கள் என்றும் வழங்குவது இதற்கு எடுத்துக்காட்டு.

இவ்வெடுத்துக்காட்டுகள் ஆழ்ந்து நோக்கத்தக்கவை. திங்கள் என்பது முப்பது நாள்களுக்கு அப்பால் நிற்கும் முப்பத்தொன்றாவது பொருள் அன்று. ஆயினும் திங்கள் என்பது பொய் என்றும் எவரும் கூறுவதில்லை. ஊதியமும் வாடகையும் திங்கள் கணக்கிலேயே அளக்கப்படுகின்றன. ஆள் என்னும் சொல்லும் இத்தகையதே. பயனுள்ள வழக்காக அது உண்மை. தனித்து நிற்கும் பொருளாக அது இல்லை. நாகார்ச்சுனர் தம் மூலமத்தியமக காரிகையின் இருபத்து நான்காம் இயலில் வழக்கு உண்மை, முடிந்த உண்மை என இரண்டைப் பிரித்துக் காட்டினார். மணிமேகலையின் சொல்வழக்குப் பகுதியை அவ்வேறுபாட்டோடு ஒப்பிட்டு நோக்க இடமுண்டு.

3. மேலைநாட்டு மெய்யியலில் இவ்வினா

மேலைநாட்டில் இவ்வினாவைக் கூர்மையாக எழுப்பியவர் ஜான் லாக். 1694இல் வெளிவந்த தம் நூலின் இரண்டாம் பதிப்பில், ஆளின் ஒருமையை நிலைநிறுத்துவது ஆன்மப் பொருளன்று, நனவின் தொடர்ச்சியே என்றார். டேவிட் ஹியூம் 1739, 1740ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட மனித இயற்கை பற்றிய நூலில் மேலும் ஒரு படி சென்றார். தம்முள் நோக்கும்போது ஏதேனும் ஓர் உணர்வு தென்படுகிறதேயன்றி, உணர்வுகளைத் தாங்கும் ‘தான்’ தென்படவில்லை என்பது அவர் முடிவு. உறுப்பினர் மாறினும் சட்டங்கள் மாறினும் தொடரும் ஒரு குடியரசுக்கு அவர் ஆன்மாவை ஒப்பிட்டார்.

1984இல் டெரிக் பார்ஃபிட் வெளியிட்ட ‘ரீசன்ஸ் அண்டு பர்சன்ஸ்’ என்னும் நூல் இவ்வழியை அதன் எல்லைவரை கொண்டு சென்றது. ஆள் என்பது உடலும் மூளையும் ஒன்றோடொன்று தொடர்புடைய உடல், உள நிகழ்ச்சிகளும் ஆகியவற்றிற்கு மேற்பட்ட தனிப்பொருள் அன்று என அவர் வாதிட்டார். நமக்கு முதன்மையாக வேண்டுவது ஆளின் ஒருமை அன்று. நினைவு, எண்ணம், குணம் ஆகியவற்றின் தொடர்ச்சியே என்பது அவர் முடிவு. அவரும் ஆளை விளக்க நாட்டையே உவமையாகக் கொண்டார். அந்நூலின் பிற்சேர்க்கைகளுள் ஒன்றைப் புத்தரின் கருத்துக்கென்றே ஒதுக்கி, தம் முடிவோடு அது ஒத்துச் செல்வதைச் சுட்டினார்.

மணிமேகலை ‘தொகை’க்குக் காட்டிய நாடு என்னும் எடுத்துக்காட்டும், ஹியூமின் குடியரசும், பார்ஃபிட்டின் நாடும் ஒரே உவமைக் குடும்பத்தைச் சார்ந்தவை. ஒருவரிடமிருந்து மற்றவர் பெற்றார் எனக் கூற நாம் முற்படவில்லை. மக்களும் நிலமும் ஆட்சியும் கூடிய கூட்டத்திற்கு நாடு என்று பெயர் வைத்து, அப்பெயரால் கடன் வாங்கவும் உடன்படிக்கை செய்யவும் அவற்றுக்குப் பொறுப்பேற்கவும் முடிகிறது. தனிப்பொருளாக இல்லாத ஒன்று பொறுப்பேற்கக்கூடும் என்பதற்கு நாட்டைவிடச் சிறந்த சான்று கிடைப்பதரிது. அதனாலேயே இவ்வுவமை வெவ்வேறு மரபினருக்கும் கைகொடுத்தது எனலாம்.

4. பொறுப்பு யாரைச் சாரும்?

இந்நிலையில் முன்கூறிய வினாவிற்கு வருவோம். தமிழ் மரபிலேயே இவ்வினா கடுமையாக எழுப்பப்பட்டுள்ளது. சமணக் காப்பியமான நீலகேசி, குண்டலகேசி முதலிய பௌத்தரோடு நிகழ்த்தும் வாதங்களைத் தனித்தனிச் சருக்கங்களாகவே கொண்டுள்ளது. 13ஆம் நூற்றாண்டினரான அருணந்தி சிவாசாரியார் தம் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் சௌத்திராந்திகம், யோகாசாரம், மாத்தியமிகம், வைபாடிகம் என்னும் நான்கு பௌத்தப் பிரிவுகளையும் எடுத்து மறுத்தார். கணந்தோறும் யாவும் அழியுமெனில் செய்த வினை செய்தவனை எவ்வாறு சாரும் என்பது பௌத்தத்தை எதிர்த்தோர் பலருக்கும் பொதுவான தடை.

பார்ஃபிட்டிடமும் இத்தடை வேறு வடிவில் வெளிப்படுகிறது. நோபல் அமைதிப் பரிசு பெறத் தகுதியுடைய தொண்ணூறு வயது முதியவர் ஒருவரை அவர் கற்பனை செய்கிறார். இருபது வயதில் மதுமயக்கத்தில் நடந்த கைகலப்பில் காவலர் ஒருவரைக் காயப்படுத்தியவர் தாமே என அம்முதியவர் ஒப்புக்கொள்கிறார். அன்றைய இளைஞனுக்கும் இன்றைய முதியவருக்கும் இடையே உளத்தொடர்பு மிகக் குறைந்துவிட்டது. ஆகவே அவர் இன்று தண்டனைக்கு உரியவராக இல்லாமல் இருக்கலாம் என்று கருத இடமுண்டு என்கிறார் பார்ஃபிட். தொடர்பு குறையக் குறையப் பொறுப்பும் குறையக்கூடும் என்பது இதன் உட்கிடை.

மிலிந்த பஞ்ஹத்தில் இதற்கு எதிர்த்திசையில் செல்லும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஒருவன் பிறனுடைய மாங்கனிகளைத் திருடுகிறான். பிடிபட்டதும், உரிமையாளன் நட்டவை வேறு, நான் எடுத்தவை வேறு. ஆகவே நான் குற்றவாளி அல்லேன் என்கிறான். நட்ட கொட்டையும் பறித்த கனியும் ஒன்றல்ல என்பது உண்மையே. எனினும் இக்கனிகள் அக்கொட்டையைச் சார்ந்தே தோன்றின. ஆதலின் அவன் தண்டனைக்குரியவன் என மன்னனே ஒப்புகிறான். இங்கே பொறுப்பை நிறுவுவது ஒத்த தன்மையோ நினைவின் அளவோ அன்று. சார்ந்து தோன்றுதல் என்னும் காரணத் தொடர்பே அதனை நிறுவுகிறது. பார்ஃபிட்டின் முதியவர் குணத்தால் முற்றிலும் மாறியிருக்கலாம். அவருடைய இன்றைய வாழ்வு அன்றைய செயலைக் கடந்தே வந்தது என்பது மாறவில்லை. அவர் தாமே முன்வந்து ஒப்புக்கொள்வதும் அத்தொடர்ச்சியின் விளைவேயாகும்.

5. நால்வகை நயம்

காரணத் தொடர்பு என்று மட்டும் கூறினால் போதாது. அதனைத் தவறாக விளங்கிக்கொள்ளும் வழிகள் பல. இதனாலேயே அறவண அடிகள் பன்னிரு நிதானங்களைக் கூறியதோடு அமையாது, அவற்றை நோக்கும் முறையாக நால்வகை நயத்தையும் கூறுகிறார். அவித்தையைப் பேதைமை என்றும், சம்ஸ்காரத்தைச் செய்கை என்றும், நாமரூபத்தை அருவுரு என்றும், ஸ்பரிசத்தை ஊறு என்றும் தமிழாக்கிய அக்காதை, நயங்களுக்கும் தமிழ்ப்பெயர்களே தருகிறது. அவை ஒற்றுமை, வேற்றுமை, புரிவின்மை, இயல்பு என்பன. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் இலங்கையில் புத்தகோசர் இயற்றிய விசுத்திமக்கத்திலும் இந்நான்கு காணப்படுகின்றன. ஒவ்வொரு நயத்தையும் சரியாகக் காண்பதால் வரும் பயனையும் தவறாகக் காண்பதால் வரும் கேட்டையும் அந்நூல் விரித்துரைக்கிறது. இரண்டையும் இணைத்து நோக்குவது பயன்தரும்.

காரணத்தையும் காரியத்தையும் அறுபடாத ஒரே தொடர்ச்சியாக உணர்வது ஒற்றுமை நயம். இதனைச் சரியாகக் காண்பவர் இறப்போடு யாவும் அற்றுப்போம் என்னும் உச்சேதவாதத்தை விடுவர். தவறாகக் காண்பவர், மாறாத ஒன்று உள்ளிருந்து தொடர்கிறது என்னும் சாசுவதவாதத்தில் வீழ்வர்.

ஒவ்வொரு நிலையையும் அதனதன் தன்மையோடு வெவ்வேறாக உணர்வது வேற்றுமை நயம். இது சாசுவதவாதத்தை நீக்கும். தவறாகக் கொண்டால், நேற்றைய ஆளுக்கும் இன்றைய ஆளுக்கும் தொடர்பே இல்லை என்னும் முடிவில் கொண்டு சேர்க்கும்.

காரணங்களுக்குப் பின்னால் நின்று ‘இதனை நான் விளைவிப்பேன்’ என முனையும் உள்ளம் ஒன்றில்லை என உணர்வது புரிவின்மை நயம். இது தான் என்னும் பற்றை நீக்கும். தவறாகக் கொண்டால், செய்பவரே இல்லாதபோது நல்வினை, தீவினை என்னும் வேறுபாடு எதற்கு என்னும் அகிரியவாதமாகும்.

நெல்வித்திலிருந்து நெல்முளையே தோன்றும் என உணர்வது இயல்பு நயம். இது காரணமின்றியே யாவும் நிகழும் என்னும் கருத்தையும், செயலுக்குப் பயனில்லை என்னும் கருத்தையும் நீக்கும். தவறாகக் கொண்டால், யாவும் முன்னரே விதிக்கப்பட்டவை என்னும் நியதிவாதமாகும்.

இந்நான்கின் அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. முதல் இரண்டும் ஒன்றையொன்று தடுத்து நிற்கின்றன, பின்னிரண்டும் அவ்வாறே. எந்த ஒரு நயமும் தனித்து நின்றால் தவறான முடிவைத் தரும். நான்கும் சேர்ந்தே உண்மையைக் காட்டும். எனவேதான், முன்னது பின்னதே எனவும் கூறலாகாது, முற்றிலும் வேறு எனவும் கூறலாகாது என்பதை நயங்களால் பெறும் பயன்களுள் ஒன்றாக அக்காதை வைத்துள்ளது. இது விடை கூறாது நழுவும் முயற்சி அன்று. இரண்டனுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும் என்னும் வினாவின் வடிவமே பிழையானது எனக் காட்டும் விடையாகும்.

இந்நயங்களின் பொருளைக் காப்பியத்தின் கதையே மெய்ப்பிக்கிறது. இருபதாம் காதையில், விஞ்சையனாகிய காஞ்சனன் உதயகுமரனை வாளால் எறிந்து கொல்கிறான். உதயகுமரன் முற்பிறப்பில் இராகுலனாக இருந்தபோது, உணவு கொணர்கையில் அடிதளர்ந்து வீழ்ந்த மடைத்தொழிலாளன் ஒருவனை வெட்டிக் கொன்றவன். அவ்வினையே இன்று அவன் உயிரைக் கவர்ந்தது என்பதைக் கந்திற்பாவை மணிமேகலைக்கு உணர்த்துகிறது. அங்ஙனமாயின் காஞ்சனன் ஊழின் கருவி மட்டுமே. அவனுக்குக் குற்றமில்லை என வாதிட இடமுண்டு. அவ்வாதத்தைக் கந்திற்பாவை ஏற்கவில்லை. உதயகுமரனின் உயிரை உண்டது ஊழ்வினையே ஆயினும், காஞ்சனன் செய்ததும் கொடுவினையே. அது அவனையும் விடாது வந்து சேரும் என்கிறது. காரணம் உண்டு என்பது பொறுப்பின்மைக்குச் சான்றாகாது என்னும் கருத்து, இறுதிக் காதையில் கோட்பாடாக வரும் முன்னரே கதையில் நிகழ்ச்சியாக வந்துவிடுகிறது. இறுதிக் காதைகள் கதையோடு ஒட்டாதவை என்னும் கருத்தை மறுபரிசீலனை செய்ய இதுவும் ஒரு சான்றாகும்.

மூளையறிவியலைச் சான்றாகக் காட்டி, செயல்கள் யாவும் முற்காரணங்களால் ஆனவை, ஆகவே எவரும் எதற்கும் பொறுப்பல்லர் என்று கூறும் போக்கு இன்று பரவலாகக் காணப்படுகிறது. நயங்களின் மொழியில் கூறின், இது புரிவின்மை நயத்தைத் தனித்துக் கொண்டதால் நேர்ந்த பிழை. பௌத்த மெய்யியலை இக்காலப் பகுப்பாய்வு மெய்யியலோடு இணைத்து ஆராய்பவரான மார்க் சிடரிட்ஸ், ஆள் என்னும் பேச்சும் பொறுப்பு என்னும் பேச்சும் வழக்கு உண்மையின் தளத்தைச் சார்ந்தவை; ஆள் இல்லாத தளத்திற்குரிய காரணச் செய்தியைக் கொண்டு அவற்றை வீழ்த்த இயலாது என்னும் வகையில் வாதிடுகிறார். எழுத்துகளின் ஒலியளவை ஆராய்ந்து சொல்லின் பொருளை மறுக்க இயலாதது போன்றது இது.

6. முதுமை மறதி நோய்: ஒரு நடைமுறைச் சோதனை

இவ்விவாதம் ஏட்டளவில் நிற்பதன்று. தாம் நினைவிழந்த பின் இன்ன மருத்துவம் வேண்டாம் என ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கிறார் எனக் கொள்வோம். பின்னர் முதுமை மறதி நோயால் தம் பழைய வாழ்வையே மறந்துவிடுகிறார். ஆயினும் சிறு சிறு இன்பங்களோடு அமைதியாக வாழ்கிறார். எழுதி வைத்ததைப் பின்பற்ற வேண்டுமா? 1986இல் ரெபெக்கா டிரெசர், பார்ஃபிட்டின் கருத்தைத் துணைக்கொண்டு, எழுதியவரும் இன்றைய நோயாளியும் ஒரே ஆள்தானா என்னும் ஐயத்தை எழுப்பி, நோயாளியின் இன்றைய நலனுக்கு முதன்மை தர வாதிட்டார். 1993இல் ரொனால்டு டுவார்க்கின், ஒருவர் தம் வாழ்வு முழுவதையும் கருதி எடுத்த முடிவுக்கு மதிப்பளிப்பதே அவருடைய தன்னுரிமையை மதிப்பதாகும் என்றார்.

நயங்களின் துணைகொண்டு நோக்கினால், டுவார்க்கின் ஒற்றுமை நயத்தையும் டிரெசர் வேற்றுமை நயத்தையும் முதன்மையாகப் பற்றியிருப்பது புலனாகும். ஒற்றுமை நயத்தின்படி நோயாளி, எழுதியவருக்கு அயலார் ஆகார். அவ்வாழ்வைச் சார்ந்தே இவ்வாழ்வு வந்தது. வேற்றுமை நயத்தின்படி இன்று அவர் படும் துன்பமும் இன்பமும் அவற்றின் தனித்தன்மையில் மெய்யானவை. பழைய ஏடு ஒன்றால் அவற்றை இல்லையாக்க இயலாது. ஆதலின் இரண்டுள் ஒன்றை முற்றத் தள்ளும் எந்த முடிவும் குறையுடையது. நயங்கள் நமக்குச் சட்டவிதி தருவதில்லை. எதனை விட்டுவிட்டோம் எனக் காட்டும் அளவுகோலை அவை தருகின்றன. மறதியுற்ற தாயையோ தந்தையையோ பேணும் எவரும், இவர் என் தாயேதான் என்னும் உணர்வுக்கும் இவர் இப்போது வேறொருவர் என்னும் உணர்வுக்கும் இடையே நாளும் தடுமாறுவதுண்டு. அத்தடுமாற்றம் அறிவின் குறையன்று. இருபுறமும் உண்மை இருப்பதன் விளைவு என்பதை உணர்வதே ஓர் ஆறுதலாகலாம்.

7. அறிதலும் பற்றறுதலும்

ஒப்புமைகளைக் கண்ட நாம் வேறுபாடுகளையும் மறைத்தலாகாது. பார்ஃபிட் தம் முடிவு தமக்கு விடுதலையுணர்வைத் தந்ததாகவும், தம் இறப்பைப் பற்றிய கவலையைக் குறைத்ததாகவும் எழுதினார். ஆன்ம மறுப்பை ஏற்றவர்க்கெல்லாம் இது நிகழுமா? ஷான் நிக்கல்ஸ், நினா ஸ்ட்ரோமிங்கர், அருண் ராய், ஜே கார்ஃபீல்டு ஆகியோர் 2018இல் வெளியிட்ட ஆய்வு இதனைச் சோதித்தது. ஆன்ம மறுப்பைக் கொள்கையளவில் உறுதியாக ஏற்ற திபெத்தியத் துறவியர், பிற குழுவினரைவிட இறப்பச்சம் மிகுந்தவராகக் காணப்பட்டனர் என்பது அதன் எதிர்பாராத முடிவு. ஓர் ஆய்வைக் கொண்டு ஒரு மரபை மதிப்பிடுவது முறையன்று. எனினும் கொள்கையை ஒப்புவதும் பற்று நீங்குவதும் ஒன்றல்ல என்பதை அது நினைவூட்டுகிறது.

மணிமேகலையின் காதை அமைப்பு இவ்வேறுபாட்டை அறிந்தே செய்யப்பட்டது போலும். இருபத்தேழாம் காதையில் வஞ்சி நகரில் சமயக்கணக்கர் பலரின் கொள்கைகள் கேட்கப்படுகின்றன. இருபத்தொன்பதாம் காதையில் காட்சியும் கருத்தளவும் ஆகிய அளவைகள் கற்பிக்கப்படுகின்றன. முப்பதாம் காதையில் சார்பிற்றோற்றமும் நயங்களும் உணர்த்தப்படுகின்றன. இவ்வளவும் முடிந்த பின்னரே மணிமேகலை நோன்பு மேற்கொள்கிறாள். அறிவு நோன்பிற்கு வாயிலாகிறது. நோன்பின் இடத்தை அது பெறுவதில்லை.

மற்றொரு வேறுபாடு மறுபிறப்பைப் பற்றியது. ஓவன் ஃபிளனகன் போன்றோர் மறுபிறப்பை நீக்கிய பௌத்தத்தை இக்கால அறிவியலோடு இயைத்துக் காட்ட முயன்றுள்ளனர். இவான் தாம்சன் 2020இல் வெளியிட்ட நூலில், பௌத்தத்தை ஏனைய சமயங்களினின்று பிரித்து அறிவியலுக்கு நிகராக உயர்த்தும் போக்கைக் கண்டித்தார். மணிமேகலையைப் பொறுத்தவரை மறுபிறப்பு நீக்கத்தக்க அணிகலன் அன்று. கதையின் எலும்புக்கூடே அதுதான். நயங்களின் வாதம் ஒரு பிறவிக்குள்ளும் செல்லும் என்று நாம் காட்டியுள்ளோம். அதனால் காப்பியமும் அவ்வளவே கூறியது எனக் கொள்வது பிழையாகும்.

8. முடிவுரை

ஆன்ம மறுப்பு அறத்தை அழிக்கும் என்னும் தடைக்கு மணிமேகலை தரும் விடையை இவ்வாறு தொகுக்கலாம். ஆள் என்பது தொகைக்கும் தொடர்ச்சிக்கும் இட்ட பெயர். அப்பெயர் பயனுடையது, வழக்கில் உண்மையானது. பொறுப்பு என்பது சார்ந்து தோன்றும் தொடர்பின்மேல் நிற்பது. மாறாத பொருளொன்றின்மேல் நிற்பதன்று. அத்தொடர்பை நான்கு நயங்களாலும் ஒருங்கே நோக்காதபோதே ஆன்மவாதமும் பொறுப்பின்மையும் ஒருசேரத் தோன்றுகின்றன.

இவ்விடை முடிந்த முடிவன்று. நினைவுகளை ஒருங்கிணைப்பது யாது என்னும் வினாவிற்கு, காரணத் தொடரே போதும் என வசுபந்து தம் அபிதர்மகோசத்தின் இறுதி இயலில் விடையிறுத்தார். ஆயினும் ஹியூமே 1740ஆம் ஆண்டுப் பிற்சேர்க்கையில் இவ்வினாவில் தமக்கு நிறைவில்லை என ஒப்புக்கொண்டார். அறிவோன் ஒருவன் வேண்டும் என்னும் சைவ சித்தாந்தத்தின் வாதம் இங்கே இன்னும் வலுவோடு நிற்கிறது. தமிழ் மாணவர்க்கு இது பெரும்பேறு. இரு தரப்பு வாதங்களும் அவர்தம் மொழியிலேயே உள்ளன. மணிமேகலையின் முப்பதாம் காதையையும் சித்தியார் பரபக்கத்தின் பௌத்த மறுப்பையும் ஒரே பாடத்தில் எதிரெதிரே வைத்துக் கற்பிக்கலாம். பன்னிரு நிதானங்களின் பெயர்களை வரிசையாக ஒப்புவிப்பதோடு நில்லாமல், தொண்ணூறு வயது முதியவரைத் தண்டிக்கலாமா, மாங்கனி திருடியவனை விடலாமா என மாணவர் வாதிடத் தொடங்குவாராயின், அறவண அடிகளின் உரை வகுப்பறையில் மீண்டும் மெய்யியலாக உயிர்பெறும் என்பது எம் கருத்து.